வீடு தேடிப் போகும் தலைமையாசிரியை

டெட்ராய்ட்
ஜூன் 14, 1970

என் அருமை அக்கா ஓவெட்டாவுக்கு,

தம்பி லெமுவெல் எழுதுகிறேன். நானும் ஜூவலும் மகள் கோரலீயும் நல்லபடியாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜூவல் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். போன தடவை அனுப்பியதை நீ அலமாரியில் பூட்டி வைத்திருப்பாய் என்று அவளுக்குச் சந்தேகம். தேய்க்கத்தான் தைலம் என்று சொல்லச் சொன்னாள்.

செய்தி இங்கே வரைக்கும் வந்துவிட்டது. லோவரி மில்லில் நம் பள்ளியும் வெள்ளைக்காரர் பள்ளியும் இனி ஒன்று என்று கோர்ட் சொல்லிவிட்டதாமே. தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கிற ஆலன்பி, அவனும் வட கரோலினாக்காரன்தான், சாப்பாட்டு வேளையில் பேப்பரை விரித்துக் காட்டினான். "உங்கக்காதான அங்க பெரிய டீச்சர்?" என்றான். "பெரிய டீச்சர் இல்லடா, ஹெட்மிஸ்ட்ரஸ்" என்றேன். அவனுக்குத் தெரியாமல் இல்லை. நான் சொல்வதைக் கேட்க அவனுக்கு ஒரு ஆசை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சேர்ந்த பள்ளிக்கு யார் தலைமை? உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வெள்ளைக்காரர்கள் தங்கள் கல்லூரியில் உன்னைச் சேர்க்க மனம் வராமல், ரயில் சார்ஜ் கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்களே, அந்தப் பட்டம் அந்த ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது? அந்தப் பக்கத்துப் பள்ளியில் இருப்பவர் பந்து விளையாட்டு சொல்லிக்கொடுத்துத் தலைமைக்கு வந்தவர். ஆனாலும் உன் கையால் எழுதிப் படித்தால்தான் எனக்குத் திருப்தி.

அவர்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. மாடி அறை சும்மா கிடக்கிறது. இங்கே வெள்ளையர் கறுப்பர் என்ற பேச்சு பள்ளிக்கூடத்தில் கிடையாது. கோரலீ நன்றாக இருக்கிறாள்.

உன்னையே நினைத்திருக்கும்
லெம்

*

லோவரி மில், வட கரோலினா
ஆகஸ்ட் 2, 1970

என் செல்லத் தம்பிக்கு,

அக்காவின் முத்தங்கள். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. தைலத்தைத் தேய்த்தேன். வாசனைக்கு ஈக்கள் ஓடிப்போயின, வலி போகவில்லை. ஜூவலிடம் ரொம்ப நல்ல தைலம் என்று சொல்லு.

புகையிலை அறுப்பு ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் வயலில் கிடக்கிறார்கள். இந்த வருஷம் வெயில் அதிகம். பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்.

நம் டன்மோர் சாலைப் பள்ளியைக் காலிசெய்தார்கள். கவுன்டி லாரி வந்தது. நாற்காலி மேசை எல்லாம் ஏற்றினார்கள். பிள்ளைகள் ஜெயித்த கோப்பைகளை என்ன செய்வது என்று கேட்டேன். வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்தில் கோப்பை வைக்கிற அலமாரி நிறைந்திருக்கிறதாம். குப்பை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். நான் ஏறி இறக்கினேன். ஆமாம், இந்த முழங்காலோடுதான். இப்போது என் வீட்டு சோபா முழுக்கக் கோப்பைகள். வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள். அதுவும் ஒரு வசதிதான்.

சர்ச்சுக்குப் புதுக் கூரை போடுகிறார்கள். டீக்கன் ஹார்ஜெட்டுக்குப் பல் கட்டியிருக்கிறார்கள், பேசும்போது விசில் வருகிறது. பெரியம்மா வீட்டுப் பீச் மரம் காய்த்துத் தள்ளுகிறது.

கோரலீ என்ன படிக்கிறாள்? இந்த வயதில் நீ என் புத்தகங்களைத் திருடிப் படித்தாய். அவள் யாருடையதைத் திருடுகிறாள் என்று எழுது.

அன்புடன்
அக்கா

*

டெட்ராய்ட்
ஆகஸ்ட் 16, 1970

அக்கா,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். டீக்கன் ஹார்ஜெட்டின் பல் வரைக்கும் எழுதினாய். நான் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு ஒரு வரி இல்லை.

அம்மா செத்த செய்தியைக்கூட நீ இப்படித்தான் எழுதினாய். மழை, சோளம், கோழி என்று இரண்டு பக்கம் போனபிறகுதான் விஷயம் வந்தது. இந்தத் தடவை கடைசி வரைக்கும் வரவே இல்லை. ஜூவல் படித்துவிட்டு, "உங்கக்காவ பதவியிலேர்ந்து இறக்கிட்டாங்க" என்றாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

சொல். தம்பியிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறாய்?

லெம்

*

லோவரி மில்
ஆகஸ்ட் 30, 1970

தம்பி,

ஜூவல் மேல் எரிந்து விழாதே. அவள் சொன்னது சரி. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். பிறகு மேலே படி.

ஜூலையில் கூப்பிட்டார்கள். நல்ல தொப்பி வைத்துக்கொண்டு போனேன். கல்வி அதிகாரி ஃபென்னர், எழுந்திருக்காமலே பேசினார். "ஓவெட்டா, நீ அனுபவசாலி. ஹோமர் ஸ்ட்ரிக்லண்டுக்குத் துணையா இருந்து பாத்துக்க."

"மிஸ் பெட்டிஃபோர்ட்" என்றேன்.

"என்ன?"

"என் பேரச் சொன்னேன் சார்."

அவருக்கு முகம் சிவந்தது. எனக்கு அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த லாபம். நீ சொன்ன பந்து விளையாட்டுக்காரர், அந்த ஸ்ட்ரிக்லண்ட்தான் தலைமையாசிரியர். நான் துணை. பஸ் என் பொறுப்பு, சாப்பாட்டுக் கூடம் என் பொறுப்பு. அப்புறம் "உங்க பிள்ளைங்க" ஒழுங்கு. அதாவது கறுப்புப் பிள்ளைகள் தப்பு செய்தால் தண்டிக்கிற கை என் கை. துடைப்பம் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை. நம் டீச்சர்களில் பாதிப் பேருக்கு வேலையே இல்லை. அவர்களைப் பார்க்கும்போது எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ உடனே மாடி அறை என்று ஆரம்பிப்பாய். வேண்டாம். நம் பள்ளியில் வருஷா வருஷம் பள்ளி திறக்கிற சமயத்தில் ஒரு பிள்ளை விடாமல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, பெற்றவர்களோடு பேசிவிட்டு வருவோமே, அதை நான் நிறுத்தப்போவதில்லை. ஸ்ட்ரிக்லண்டிடம் சொன்னேன். மனுஷர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "எல்லா வீட்டுக்குமா?" என்று கேட்டார்.

"எல்லாப் பிள்ளையும் இங்கதான சார் படிக்கப் போகுது?" என்றேன்.

"வெள்ளைக்காரங்க வீட்டுக்கு நீங்க போயி..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. நானும் முடிக்க உதவவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. கோரலீ பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

உன் அக்கா

*

லோவரி மில்
செப்டம்பர் 27, 1970

லெம் கண்ணா,

உன் பதில் வரவில்லை. ஓவர்டைம் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சிரிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

வீட்டு வருகை நடந்துகொண்டிருக்கிறது. நம் ஜனங்கள் வீட்டில் வழக்கம்போல ராஜ உபசாரம். கோழி வறுவல், கொலார்ட் கீரை, சோள ரொட்டி, போதும் போதும் என்றாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. வெள்ளைக்காரர் வீடுகளில் விதவிதமாக நடந்தது. ஒரு அம்மாள் கம்பிவலைக் கதவைத் திறக்காமலே, "துணி துவைக்க ஆளு இருக்கு" என்றாள். ஒரு வீட்டில் ஆள் இருந்தும் திரைச்சீலை மட்டும் ஆடியது. ஒரு பெரியவர் நாயை அவிழ்த்துவிட்டார். அந்த நாய் என் காலை நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. அவருக்கு நாய் மேல் வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்.

சொல்ல வந்தது டாட்லாக் வீட்டுக் கதை. அந்த ஆள் மில்லில் வேலை பார்க்கிறவர். இரண்டாம் வகுப்பில் லிண்டி என்று ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவேன் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். போனேன். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறது, திறக்கத்தான் ஆளில்லை. சரி, இதுவும் திரைச்சீலை வீடுதான் என்று திரும்பினேன். அந்தப் பிள்ளை வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தது.

"மிஸ் பெட்டிஃபோர்ட், நாங்க எல்லாரும் முன்னாடி ரூம்ல உக்காந்திருக்கோம். அப்பா டை கட்டியிருக்காரு. நீங்க ஏன் சமையக்கட்டுப் பக்கம் நிக்கிறீங்க?"

அப்போதுதான் பார்க்கிறேன், நான் நிற்பது பின்வாசல். யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை, லெம். அந்த வீட்டில் எனக்காக முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். என் கால் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. துவைக்கிற துணி வாங்க அம்மாவோடு சின்ன வயதில் போன அதே பாதையில்.

"உங்கம்மாவோட தக்காளிச் செடியப் பாத்துட்டிருந்தேன்" என்றேன். அங்கே தக்காளிச் செடி எதுவும் இல்லை. பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தது. அதற்குள் அந்த அம்மாளும் வந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கழுத்து வரைக்கும் சிவந்து போய், "வாங்க" என்று மட்டும் சொன்னாள். மூன்று பேருமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனோம். அவள் கேக்கில் பெரிய துண்டை எனக்கே வெட்டி வைத்தாள். நான் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டேன்.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. என் கால் மேல்தான் கோபம். ஒரு வாரமாக அதோடு பேசுவதில்லை.

சிரித்துவிட்டாயா? கோரலீக்கு இதைப் படித்துக் காட்டு. இல்லை, அவளையே படிக்கச் சொல். எட்டு வயதுக்கு என் கையெழுத்து புரியவேண்டும்.

அக்கா

*

டெட்ராய்ட்
நவம்பர் 22, 1970

அன்பு அக்கா,

கோபப்படாதே. தொழிற்சாலை லைனில் இரண்டு பேர் வேலையை ஒருத்தனாகப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு தூங்கிவிடுகிறேன். சளி பிடித்தது, இப்போது பரவாயில்லை.

தக்காளிச் செடியைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆலன்பிக்கும் சொன்னேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். ஜூவல் சிரிக்கவே இல்லை. அடுப்படியில் நின்று அழுதாள். "அண்ணி மாதிரி ஒரு மனுஷிக்கு இப்படியா?" என்றாள்.

போதும் அக்கா. எதற்கு அங்கே கிடந்து அவதிப்படுகிறாய்? இங்கே வா. இங்கே எந்த வாசல் என்று கால் யோசிக்கவேண்டியதில்லை. மாடி அறைக்குப் பச்சை வண்ணம் அடிக்கிறேன். உனக்குப் பிடித்த பச்சை.

கோரலீ இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். பாவாடை எல்லாம் கட்டையாகிவிட்டது.

உன் லெம்

*

லோவரி மில்
ஜனவரி 31, 1971

தம்பிக்கு,

புது வருஷ ஆசிகள். சளி முழுதும் போய்விட்டதா? போகாவிட்டால் வெங்காயமும் தேனும் சாப்பிடு. பட்டணத்து மருந்தை நம்பாதே.

இங்கே ஒரு சண்டை நடந்தது. பஸ்ஸில் ஜன்னலோரத்து இடத்துக்காக ரேஃபோர்டும் டேலும் கட்டிப் புரண்டார்கள். ரேஃபோர்டு நம்மவன், டேல் வெள்ளை. இரண்டு மூக்கிலும் ரத்தம். மத்தியானம் ஸ்ட்ரிக்லண்ட் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். ரேஃபோர்டைப் பள்ளியை விட்டு நிறுத்த நான் கையெழுத்துப் போடவேண்டும்.

"டேலுக்கு சார்?"

"டேல் உங்க பொறுப்பு இல்லையே."

"பஸ் என் பொறுப்புன்னீங்க. பஸ்ல ரெண்டு பேரும்தான் இருந்தாங்க."

"மிஸ் பெட்டிஃபோர்ட், என்னைச் சங்கடத்துல மாட்டிவிடாதீங்க. மேல இருந்து கேப்பாங்க."

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க. ரெண்டு பிள்ளையும் எனக்கு ஒண்ணுதான். போட்டா ரெண்டு பேருக்கும் போடுறேன், இல்லன்னா ஒருத்தனுக்கும் இல்ல."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்கும் போனேன். ரேஃபோர்டின் அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கினாள், தடுத்தேன். டேலின் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் மகனைக் கூப்பிட்டு, "டீச்சர் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காங்க, மன்னிப்புக் கேளு" என்றார். நான் திகைத்துப்போய்விட்டேன். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே, நடக்காது.

இன்னொரு செய்தி. ஸ்ட்ரிக்லண்ட் ஜூன் மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறார். மாமனாரின் டிராக்டர் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம். தலைமை இடம் காலி. நீங்கள்தான் விண்ணப்பம் போடவேண்டும் என்று டீச்சர்கள் சொல்கிறார்கள், வெள்ளைக்கார டீச்சர்கள்கூட. நான் போடப்போவதில்லை. ஒரு தடவை என் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்ன ஃபென்னரிடம் மறுபடி தொப்பி வைத்துக்கொண்டு போய் நிற்பதா? எனக்கு மானம் இல்லையா? களைப்பாக இருக்கிறது, லெம். நிஜமாகவே களைப்பு. இந்த வருஷத்தோடு போதும் என்று தோன்றுகிறது.

உன் பச்சை அறை இன்னும் காலியாக இருக்கிறதா?

கோரலீயின் உயரத்தை நான் கேட்கவில்லை. அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். ஆகஸ்டிலிருந்து கேட்கிறேன்.

அக்கா

*

டெட்ராய்ட்
மார்ச் 7, 1971

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

ஜூவல் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். உங்கள் தம்பிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறார், மடித்து வைத்துவிடுகிறார். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வரவேண்டும் என்று துடித்தவர், இப்போது வருவீர்களோ என்று பயப்படுகிறார். வந்தால் தெரிந்துவிடும் அல்லவா? நானே சொல்லிவிடுகிறேன்.

கோரலீயை மக்குப் பிள்ளைகள் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை வருஷமாக. பள்ளிக்கூடத்து அடித்தளத்தில், கொதிகலன் பக்கத்து அறை. எல்லாம் நம் பிள்ளைகள். முழு நாளும் வண்ணம் தீட்டுகிறார்கள். ஏதோ பரீட்சை வைத்தார்களாம், இவள் வாயே திறக்கவில்லையாம். புதிய ஆள் அதட்டிக் கேட்டால் இவளுக்குப் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் பேப்பரை எனக்குப் படித்துக் காட்டுகிறாள் அண்ணி. உங்கள் தக்காளிச் செடிக் கடிதத்தை அவள்தான் படித்தாள். ஒரு எழுத்தில்கூடத் தடுமாறவில்லை.

அவர் ஒரு தடவை கேட்கப் போனார். பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஷிப்டுக்கு நேரமாகும் வரை யாரும் கூப்பிடவில்லை. எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் போகவில்லை. "என் அக்கா அங்க ஒத்தையா நின்னு சண்டை போடுறா. நான் ஒரு பெஞ்சுல உக்காரத் தெரியாம ஓடிவந்தேன். அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்கிறார்.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை. உங்கள் முழங்காலுக்குப் புதுத் தைலம் வைத்திருக்கிறேன்.

அன்புள்ள
ஜூவல்

*

லோவரி மில்
மார்ச் 15, 1971

லெமுவெல்,

இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். அன்றைக்கே பள்ளிக்குப் போகிறோம். நீ சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொள். ஜூவலும் வரவேண்டும். ஷிப்டுக்கு ஆள் மாற்றிக்கொள், நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓடக்கூடாது.

மாடி அறையைத் துடைக்காதே. நான் தங்க வரவில்லை.

உன் மேல் கோபமா என்று கேட்காதே. கோபம்தான். வறுத்த கோழி கொண்டுவருகிறேன்.

அக்கா

*

டெட்ராய்ட்
ஏப்ரல் 4, 1971

என் அக்காவுக்கு,

பஸ்ஸில் கால் நீட்ட இடம் கிடைத்ததா? வீங்கியிருக்குமே. நீ சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிட்டாய். வாயால் சொல்ல நேரமும் இல்லை, எனக்கு வரவும் வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் விஷயம். திங்கட்கிழமை கோரலீ மேலே போய்விட்டாள், மூன்றாம் வகுப்புக்கு. முதல் நாளே ஒரு புத்தகம் கொண்டுவந்தாள், குதிரையைப் பற்றி. சாப்பிடும்போதும் அதுதான். ஜூவல் திட்டுகிற மாதிரி நடிக்கிறாள்.

அந்த வியாழக்கிழமையை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன் தெரியுமா? அதே பெஞ்சைக் காட்டினார்கள். நானும் ஜூவலும் உட்கார்ந்துவிட்டோம். நீ உட்காரவில்லை. அந்த முழங்காலோடு மேசைக்கு நேரே நின்றாய். அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சொல்லும் வரைக்கும் நின்றாய். நான் எழுந்து இடம் கொடுத்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாய். சின்ன வயதில் கணக்குத் தப்பாகப் போட்டால் பார்ப்பாயே, அந்தப் பார்வை.

உள்ளே அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கெல்லர்மன் மரியாதையாகத்தான் பேசினார். "இந்த மாதிரி வீட்டுலேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்கு இந்த வகுப்புதான் நல்லது" என்றார். என் காது சூடேறியது. நீ கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாய்.

"எந்த மாதிரி வீடு சார்? இவங்க வீட்டுக்கு நீங்க வந்திருக்கீங்களா?"

"அதெல்லாம் எங்க வழக்கம் இல்ல."

"எங்க பள்ளிக்கூடத்துல அதுதான் வழக்கம். வெள்ளைக்காரப் பிள்ளை, கறுப்புப் பிள்ளை, ஒரு வீடு பாக்கியில்ல. போய்ப் பாக்காம எந்தப் பிள்ளையையும் மக்குன்னு நாங்க சொல்றதில்ல."

"எங்க பள்ளிக்கூடம்னா? நீங்க யாரு?"

"ஹெட்மிஸ்ட்ரஸ்."

அப்படியே சொன்னாய், அக்கா. கண் இமைக்காமல் சொன்னாய். ஜூவல் என் கையைப் பிடித்தாள். அந்த ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ அவளைப் படி என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அவர் மேசையில் கிடந்த பேப்பரைக் காட்டி, "அத்தை கண்ணாடிய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன், இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லேன்" என்றாய். கண்ணாடி உன் கைப்பையில் இருந்தது எனக்குத் தெரியும். அவள் முதல் பக்கம் முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "நிதி ஒதுக்கீடுன்னா என்ன அத்தை?" என்றாள். "சாருக்குத் தெரியும், அவரைக் கேளு" என்றாய். கேட்டாள். அவருக்குப் பதில் சொல்லவேண்டியதாகிவிட்டது.

நான் சந்தோஷத்தில் எழுந்தேன். நீ எழவில்லை. "அந்த ரூம்ல இருக்கிற மத்தப் பிள்ளைங்களை யாரு உக்காத்திவச்சுக் கேட்டாங்க சார்?" என்றாய். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லவைக்கப் போகிறோம். ஆலன்பியின் மருமகனும் அந்த அறையில்தான் இருக்கிறான், எனக்குத் தெரியவே தெரியாது. அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் மறைத்திருக்கிறோம். அடுத்த வாரம் ஆறு வீட்டார் சேர்ந்து போகிறோம். பெஞ்ச் பற்றாது.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் அங்கே திருத்தவில்லை. பஸ் நிலையத்தில் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. எனக்கு அது பொய்யாகவே படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. மாடி அறையை ஆலன்பியின் மச்சானுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். நீ இங்கே வராதே, அக்கா. அங்கேயே இரு.

உன் தம்பி
லெம்

*

லோவரி மில்
ஏப்ரல் 25, 1971

என் தங்கத் தம்பிக்கு,

கால் வீக்கம் இறங்கிவிட்டது. புதுத் தைலம் நிஜமாகவே கேட்கிறது. ஜூவலிடம் இதைச் சொல்லு, இந்தத் தடவை உண்மை.

கோரலீக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் புத்தகம். குதிரை ஒன்றில்தான் இருக்கிறது, மற்றதையும் படிக்கவேண்டும் என்று சொல். உன் ஆறு வீட்டார் போன கதையை ஒரு வரி விடாமல் எழுது. அந்த ஆள் பயமுறுத்தினால் பயப்படு, தப்பில்லை. எழுந்து மட்டும் வந்துவிடாதே.

பஸ்ஸில் வரும்போது ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. எத்தனை வருஷமாகப் பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காகச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் அந்தப் பிள்ளைக்காக மட்டும் சொல்லவில்லை, லெம். எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு வருஷமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. என் வாயால் நானே ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். நீ பக்கத்தில் இருந்து திருத்தாமல் விட்டாயே, அதற்கு உனக்கு நன்றி. திருத்தியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

மானம் மானம் என்று உனக்கு எழுதினேன். ஃபென்னர் இல்லை என்று சொல்லிவிடுவாரே என்ற பயத்துக்கு நான் வைத்திருந்த பெயர்தான் அது. ரேஃபோர்டையும் டேலையும் ஒரே கண்ணால் பார்க்கிற ஆள் அந்த நாற்காலியில் வராவிட்டால், அடுத்த வருஷமும் ஒரு தாள்தான் வரும். அதை வேறு யாரோ மடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு என் மானத்தைக் காரணம் சொல்ல எனக்கு வாயில்லை.

அதனால் வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்துக்குப் போனேன். ஃபென்னர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும், "என்ன மிஸ் பெட்டிஃபோர்ட், பஸ் விஷயமா?" என்றார். "இல்ல சார், விண்ணப்பம்" என்றேன்.

"என்ன வேலைக்கு?"

வேண்டுமென்றுதான் கேட்டார். அங்கே குமாஸ்தாக்கள் இருந்தார்கள், சம்பளம் வாங்க வந்த டீச்சர்கள் இருந்தார்கள், எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் என்ன பதில் தரப்போகிறார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இல்லை என்றால் அத்தனை பேர் முன்னால் சொல்லட்டும். அடுத்த வருஷமும் வந்து நிற்பேன்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் வேலைக்கு" என்றேன். டெட்ராய்ட்டில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் உதறியது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தத் தடவை உதறவில்லை.

உங்கள் மூன்று பேருக்கும் என் முத்தம்.

உன் அக்கா
ஓவெட்டா பெட்டிஃபோர்ட்